கணினிக் கடிகாரமும் வலையமைப்பு நேர ஒத்திசைவும்

முன்னுரை

கணினியின் கடிகாரம் குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வுகளை எண்ணி நேரம் காட்டுகிறது. வெப்பநிலை மாற்றத்தாலும் படிகத்தின் பழமையாலும் அவ்வதிர்வு முற்றிலும் சீராக அமைவதில்லை. பத்து லட்சத்தில் 20 பங்கு என்னும் சிறு பிழையே ஒரு நாளில் ஏறத்தாழ 1.7 விநாடியாக வளர்கிறது. இணையவழிக் குற்றங்களை ஆராய்வோர் பல கணினிகளின் பதிவுகளை ஒப்பிட்டே நிகழ்வுகளின் வரிசையை நிறுவுகின்றனர். கடிகாரங்கள் முரண்படின் விளைவு காரணத்திற்கு முற்பட்டதாகத் தோன்றும், சான்று வலுவிழக்கும். இதனைத் தவிர்க்க உதவும் என்.டி.பி. என்னும் வலையமைப்பு நேர நெறிமுறை இயங்கும் முறையினையும் அதன் எல்லையினையும் இக்கட்டுரை விளக்குகிறது.

அடுக்கமைப்பு

டேவிட் மில்ஸ் வடிவமைத்த இந்நெறிமுறை 1985ஆம் ஆண்டு ஆர்.எஃப்.சி. 958 என்னும் ஆவணமாக வெளிவந்தது. அதன் நான்காம் பதிப்பு 2010இல் வரையறுக்கப்பட்டது. அணுக்கடிகாரம், ஜி.பி.எஸ். ஏற்பி முதலிய மூலங்கள் சுழிய அடுக்கு எனப்படும். அவற்றுடன் நேரடியாக இணைந்த வழங்கிகள் முதல் அடுக்கினைச் சாரும். அவ்வழங்கிகளிடம் நேரம் பெறுவன இரண்டாம் அடுக்காகும். இவ்வரிசை 15 வரை நீளும். 16 என்னும் எண் ஒத்திசைவின்மையைக் குறிக்கும்.

நேரக் கணிப்பு

வழங்கியின் விடை வந்து சேர்வதற்குள் நேரம் கடந்துவிடுகிறது. ஆகவே நான்கு நேரக்குறிகள் பயன்படுகின்றன. கணினி தன் கடிகாரப்படி 0 மில்லி விநாடியில் வினவுகிறது எனக் கொள்வோம். வழங்கி தன் கடிகாரப்படி 130இல் அதனைப் பெற்று, 140இல் விடையனுப்புகிறது. கணினி அதனை 100இல் பெறுகிறது. மொத்தக் காலமாகிய 100இலிருந்து வழங்கி எடுத்துக்கொண்ட 10ஐக் கழித்தால், பயணக் காலம் 90 ஆகும். போக்கும் வரவும் சமம் எனின் ஒவ்வொன்றும் 45. எனவே வினா சென்றடைந்தபோது கணினியின் கடிகாரம் 45 காட்டியிருக்கும். வழங்கியின் கடிகாரமோ 130 காட்டியது. கணினி 85 மில்லி விநாடி பின்தங்கியுள்ளது என்பது பெறப்படும்.

எல்லை

போக்கும் வரவும் சமம் என்பது அளந்தறிந்த உண்மையன்று, கருதுகோளே. உண்மையில் போக்கு 60, வரவு 30 எனின் பின்னடைவு 70 மட்டுமே. அதாவது இரு வழிகளுக்கிடையிலான வேறுபாட்டில் பாதி, பிழையாக எஞ்சுகிறது. இப்பிழை பயணக் காலத்தின் பாதியை விஞ்சாது. ஆதலின் அருகிலுள்ள வழங்கிகளைத் தேர்வதும், பல வழங்கிகளை ஒப்பிட்டுப் பிறழ்வனவற்றை விலக்குவதும் இன்றியமையாதன. சிறு பிழைகளைத் திருத்துகையில் கடிகாரம் திடீரென மாற்றப்படுவதில்லை. அதன் வேகமே சற்றுக் கூட்டவோ குறைக்கவோ படுகிறது. இதனால் நேரம் பின்னோக்கிச் செல்வது தவிர்க்கப்படுகிறது.

முடிவுரை

இந்தியாவில் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் வெளியிட்ட நெறியுரை, தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர வழங்கிகளோடு நிறுவனங்கள் ஒத்திசைய வேண்டும் எனப் பணித்தது. எனினும் ஒத்திசைந்த கடிகாரம் காட்டுவதும் ஒரு மதிப்பீடே. ஆகவே பதிவுகளைச் சான்றாகக் கொள்வோர், இரு நிகழ்வுகளுக்கிடையிலான இடைவெளி கடிகாரப் பிழையின் எல்லையினும் மிகுந்ததா என ஆராய்ந்த பின்னரே முன்பின் வரிசையைத் துணிதல் வேண்டும்.