எட்டால் எண்ணியபோது

அசெம்ப்ளர் என்பது, மனிதன் எழுத்தில் எழுதும் கட்டளைகளை யந்திரத்துக்குரிய எண்களாக மாற்றித் தரும் நிரல். அதைத் தானே எழுதிப் பார்க்க ஆசைப்படுகிறவன், பிராசஸரின் கட்டளை அட்டவணையைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, பெருக்கல் வாய்பாட்டை நெட்டுருப் போடும் பிள்ளையைப் போல அதை வரிக்கு வரி நகல் செய்வதிலேதான் தொடங்குகிறான். இன்டெல் 1974-இல் வெளியிட்ட 8080-இன் வாரிசும், நம் பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் மாணவர்கள் விசை தட்டிப் பழகியதுமான 8085-க்காக, அதன் 246 எண்களையும் நானும் அவ்விதமே நகல் செய்யலானேன்.

‘பி’ ரிஜிஸ்டரில் இருப்பதை ‘ஏ’யில் இடு என்பதற்கு 78, ‘சி’யில் இருப்பதை இடுவதற்கு 79, மாறாக, ஏயில் இருப்பதைப் பியில் இடுவதற்கோ 47. பதினாறடிமானத்தில் எழுதிய வரையில் இவற்றின் சம்பந்தம் எனக்குப் புலப்படவேயில்லை. எட்டு பிட்டுகளையும் இரண்டு, மூன்று, மூன்று எனக் கூறுபோட்டு எட்டடிமானத்தில் எழுதியதும், அவையே 170, 171, 107 ஆயின. முதல் இலக்கம் ‘மூவ்’ என்னும் வினை, நடுவிலிருப்பது சேருமிடம், கடைசி, புறப்படுமிடம். பிக்கு 0, சிக்கு 1 என்று போய், கணக்குகளையெல்லாம் சுமக்கும் ஏக்கு 7. (பிரதான ரிஜிஸ்டருக்குக் கடைசி ஆசனம் கொடுத்த நியாயம் எனக்கு இன்னும் விளங்கவில்லை.) 6 மட்டும் ரிஜிஸ்டருக்கு உரியதன்று, ஹெச், எல் இரண்டும் சேர்ந்து சுட்டுகிற நினைவக இடமாகிய ‘எம்’முக்கு உரியது.

நகல் செய்த அறுபத்துச் சொச்சம் வரிகளையும் அழித்துவிட்டு, 64-உடன் சேருமிடத்தின் எட்டு மடங்கையும் புறப்படுமிடத்தையும் கூட்டு என்று ஒரே வரி எழுதி, எல்லா ஜோடிகளையும் வரிசையாக ஓடவிட்டேன். எம்மிலிருந்து எம்முக்கு என்ற இடத்தில், அதாவது எட்டடிமானத்தில் 166-இல், பிராசஸர் ஓட்டத்தை நிறுத்திக்கொண்டது. பிழை என்றெண்ணி ஒரு மாலைப்பொழுதைத் தொலைத்த பிறகே அட்டவணையைப் பார்த்தேன்: ஓரிடத்திலிருப்பதை அதே இடத்தில் வைப்பது வீண்வேலையாகையால், அந்த எண்ணை ‘ஹால்ட்’ என்னும் நிறுத்தக் கட்டளைக்குக் கொடுத்திருக்கிறார்கள்! ஆனால், பியிலிருந்து பிக்கு என்பது போன்ற ஏழு வீண்வேலைகளும் அப்படியே விடப்பட்டிருக்கின்றன.

1978-இல் வந்த 8086-இலும், கட்டளையின் இரண்டாம் பைட்டில், இதே இரண்டு-மூன்று-மூன்று என்ற பாகுபாடு இருக்கிறது. ஆனால் திசையைக் குறிக்க முதற் பைட்டில் தனியே ஒரு பிட் இருப்பதால், ரிஜிஸ்டரிலிருந்து ரிஜிஸ்டருக்கு மாற்றும் கட்டளையை இரு விதமாக எழுதலாம். இரண்டுக்கும் பலன் ஒன்றே. எதை எழுதுவதென்று தீர்மானிக்கும் அதிகாரம் அசெம்ப்ளர் எழுதுகிறவனுடையது.