பாப்பாவும் பூச்சியும்

நடக்கப் பழகிய தம்பிப் பாப்பாவோ தங்கச்சிப் பாப்பாவோ உங்கள் வீட்டில் உண்டா? அப்படியென்றால் அண்ணனுக்கும் அக்காவுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அந்தப் பாப்பாவுக்குப் பூச்சிகளைப் பழக்கப்படுத்த வேண்டும். பெயர் சொல்லித் தருவதல்ல அந்த வேலை. "இது என்ன? சொல்லு பார்க்கலாம்" என்று பரீட்சை வைத்தால் இரண்டு வயதுக் குழந்தை எழுந்து ஓடிவிடும். பூச்சி என்ன செய்கிறது என்று முதலில் இருவரும் சேர்ந்து பாருங்கள். பிறகு அது செய்ததை நீங்களும் செய்யுங்கள். அவ்வளவுதான் விளையாட்டு.

குழியானையில் தொடங்கலாம். சில ஊர்களில் குழிநரி என்பார்கள். மழை படாத திண்ணை ஓரம், மாடிப்படிக்கு அடியில், பழைய சுவரோரம் என்று காய்ந்த பொடிமண் கிடக்கும் இடத்தில் புனல் வடிவில் சின்னச் சின்னக் குழிகள் தெரியும். ஒரு புல் நுனியால் குழியின் விளிம்பை மெல்லத் தொடுங்கள். நாலு மண் துகள் உள்ளே சரியும். உடனே அடியிலிருந்து மண் மேலே தெறிக்கும்! பாப்பா கை தட்டும், "இன்னொரு தடவை" என்று கேட்கும்.

உள்ளே இருப்பது ஒரு இளம்புழு. குழியில் எறும்பு விழுந்தால் அதன்மேல் மண்ணை வாரி வீசி, ஏறவிடாமல் சரியவைத்து, கொடுக்கு போன்ற தாடைகளால் கவ்வி உறிஞ்சிவிடும். வளர்ந்தபின் இதுவே நான்கு மெல்லிய சிறகுகளோடு, பார்த்தால் தும்பியோ என்று நினைக்கும்படி பறக்கும். வேடிக்கைக்காக எறும்பைப் பிடித்து உள்ளே போடாதீர்கள். புல் நுனியே போதும்.

ஒரு கரண்டியால் குழியோடு அள்ளி, மண்ணைக் காகிதத்தில் மெதுவாகச் சலித்தால் குழியானை கிடைக்கும். சிறிது நேரம் செத்ததுபோல் கிடக்கும். பொறுமையாக இருந்தால் நகரும், அதுவும் பின்னால்! இப்போது கூடத்தில் ஒரு பாயை விரித்து இருவரும் பின்னால் நடங்கள். பின்னால் நடப்பது உங்களுக்குச் சாதாரணம். பாப்பாவுக்கு அது அண்மையில்தான் கைவந்த வித்தை. அதனால் அது சலிக்கவே சலிக்காது. விளையாட்டு முடிந்ததும் குழியானையை எடுத்த இடத்திலேயே விடுங்கள். அது வட்டமாகப் பின்னோக்கி நகர்ந்து, தலையால் மண்ணை எற்றி எற்றிப் புதுக்குழி தோண்டுவதையும் பார்க்கலாம்.

காய்ந்த மண்ணைத்தான் அது ஏன் தேடுகிறது? ஒரு தட்டில் ரவையைக் கொட்டிப் பாருங்கள். குவியல் ஓரளவு சரிவுவரை ஏறும், அதற்கு மேல் ஏறாது. இன்னும் கொட்டினால் பக்கவாட்டில் சரிந்துவிடும். காய்ந்த மணலும் ஏறக்குறைய 30 முதல் 35 டிகிரி சரிவில்தான் நிற்கும். குழியானையின் குழிச்சுவர் அந்த எல்லையில் நிற்கிறது. ஒரு எறும்பின் கால் பட்டாலே போதும், சரியும். ரவையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் செங்குத்தாகக்கூட நிற்கும். ஈர மண்ணில் எறும்பு எளிதாக ஏறித் தப்பிவிடும் அல்லவா? பாப்பாவுக்கு இதெல்லாம் வேண்டாம். கை நிறைய ரவையை அள்ளி விடவிட்டாலே அதற்குப் போதும்.

அடுத்தது கறிவேப்பிலைச் செடி. கொழுந்து இலையில் கடுகைவிடச் சிறிய, வெளிர்மஞ்சள் முட்டை ஒன்று தனியாக ஒட்டியிருக்கும். எலுமிச்சை, நாரத்தை, வில்வம் ஆகியவற்றிலும் தேடலாம். அதிலிருந்து வரும் புழுவைப் பார்த்தால் பறவை எச்சம் என்றே நினைப்பீர்கள். பறவைகளும் அப்படித்தான் நினைத்து விட்டுவிடுகின்றன! பாம்பு மட்டுமல்ல, புழுவும் சட்டை உரிக்கும். இந்தப் புழு நான்கு முறை சட்டை உரித்தபின் பச்சை நிறத்துக்கு மாறிவிடும். ஐந்தாம் முறை உரிக்கும்போது உள்ளே இருப்பது கூட்டுப்புழு.

இதை விளையாடிப் பார்க்க வேண்டும். பாப்பாவுக்கு முதலில் பச்சைச் சட்டை, அதன்மேல் தளர்வான மெல்லிய சட்டைகள் நான்கு. இலை தின்பதுபோல் ஒரு வாய் சோறு, ஒரு சட்டை கழற்று. மறுபடி ஒரு வாய், மறுபடி ஒரு சட்டை. பச்சையும் கழன்றதும் அம்மாவின் துப்பட்டாவால் உடம்பை மட்டும் சுற்றுங்கள். முகம் எப்போதும் வெளியே இருக்கட்டும். பத்து எண்ணியதும் பிரியுங்கள், பட்டாம்பூச்சி பறக்கட்டும். செடியில் உள்ள உண்மையான புழுவுக்கு முட்டையிலிருந்து சிறகு வரை மூன்று நான்கு வாரங்கள் ஆகலாம். அதுவரை அந்தக் கிளையைப் பறிக்க வேண்டாம் என்று அம்மாவிடமும் பாட்டியிடமும் சொல்லி வையுங்கள். புழுவைச் சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து இரட்டைக் கொம்பு போன்ற உறுப்பை நீட்டி நாற்றம் வீசும். அது பயத்தில் செய்வது. ஒரு முறை பார்த்தால் போதும், திரும்பத் திரும்பச் சீண்ட வேண்டாம்.

எல்லாப் புழுவும் இப்படிச் சாது அல்ல. கம்பளிப்பூச்சியின் முடி பட்டால் தோல் தடித்துவிடும். குளவி, பூரான், கட்டெறும்பு பக்கம் பாப்பாவை விடாதீர்கள். பெரியவர் ஒருவர் அருகில் இருக்கட்டும். கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கும் வயது அது. விளையாடியதும் கை கழுவுங்கள்.

எறும்பு விளையாட்டு மழை நாளுக்கு. எறும்புகள் தரையில் மணத்தால் கோடு போட்டு, உணர்கொம்பால் மோந்துகொண்டே போகும். சாரையின் குறுக்கே ஈரத்துணியால் ஒரு விரல் அகலம் துடைத்தால் அந்த இடத்தில் தடுமாறி நிற்கும். ஓமவல்லி இலையைக் கசக்கிக் கைக்குட்டையில் முடிந்து, தலையணைக்கு அடியில் ஒளித்து வையுங்கள். பாப்பா மோந்து மோந்து கண்டுபிடிக்கட்டும்.

கடையில் விற்கும் பிளாஸ்டிக் பூச்சிகளை எனக்குப் பிடிப்பதில்லை. சிலவற்றில் கால்கள் வயிற்றிலிருந்தும் முளைத்திருக்கும். உண்மையில் பூச்சியின் ஆறு கால்களும் நடுப்பகுதியான மார்பில்தான் இருக்கின்றன. சப்பாத்தி மாவில் மூன்று உருண்டை பிடியுங்கள்: தலை, மார்பு, வயிறு. ஒட்டி வைப்பது பாப்பாவின் வேலை. கறிவேப்பிலைக் காம்பை ஆறு துண்டாக்கி, நடு உருண்டையில் பக்கத்துக்கு மூன்றாகச் செருகுவது உங்கள் வேலை. தலையில் இரண்டு உணர்கொம்பு வைத்தால் எறும்பு தயார். மீதி மாவில் சிலந்தி செய்யலாம். அதற்கு உருண்டை இரண்டு போதும், காம்பு எட்டு வேண்டும், உணர்கொம்பு கிடையாது.