செவிவழிக் காட்சி

விளையாட்டரங்கில் அமர்ந்து ஓர் ஆட்டத்தைக் காண்போர் சில ஆயிரவர். குரல்வழி அதனை அறிவோரோ பல இலட்சம் பேர். கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்பவரும் கைவேலையை விடாமலே தொலைவில் நிகழும் ஆட்டத்தைப் பின்தொடர வானொலி வழிசெய்தது. காணாதவருக்குக் கண்ணாக நிற்பவரே விளையாட்டு வர்ணனையாளர்.

1927ஆம் ஆண்டு சனவரி 15 அன்று, இங்கிலாந்து - வேல்ஸ் ரக்பி ஆட்டத்தைப் பிபிசி வானொலியில் வர்ணித்தவர் வேக்கலாம். பார்வையற்ற ஒருவரை அருகில் அமர்த்தி, அவருக்கு விளக்குவதுபோலப் பேசுமாறு அவர் பணிக்கப்பட்டார். இந்தியாவில் 1934இல் பம்பாயில் கிரிக்கெட் வர்ணனையைத் தொடங்கிய தல்யார்கான், நாள் முழுவதும் தனியொருவராகவே பேசும் ஆற்றல் பெற்றிருந்தார்.

நல்ல வர்ணனை ஆரவாரத்தால் அமைவதன்று. தேவையான செய்தியை உரிய நேரத்தில் தருவதால் அமைவது. 1986 செப்டம்பர் 22 அன்று சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் மோதிய ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தை எண்ணிப் பார்ப்போம். இரு அணிகளின் ஓட்டங்களும் சமம். இந்தியாவிடம் எஞ்சியது ஒரே விக்கெட். வீச வேண்டியவை இரண்டே பந்துகள். இம்மூன்று செய்திகளையும் முன்கூட்டியே அறிந்த நேயருக்கே அடுத்த பந்தில் மணீந்தர் சிங் ஆட்டமிழந்ததன் பொருள் விளங்கும். ஆட்டம் வெற்றி தோல்வியின்றிச் சமனில் முடிந்தது.

தமிழில் இக்கலையை வளர்த்தவர்களுள் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் குறிப்பிடத்தக்கவர். அகில இந்திய வானொலியில் ஒலித்த அவரது வர்ணனை கிரிக்கெட்டைத் தமிழ் மக்களின் பேச்சுக்குள் கொண்டுவந்தது. மட்டையாளர், பந்துவீச்சாளர், களத்தடுப்பு, ஆட்டமிழப்பு முதலிய சொற்கள் வர்ணனையாலும் இதழ்களாலும் பழகிய சொற்களாயின. விரைந்தோடும் ஆட்டத்தோடு தமிழும் ஈடுகொடுத்து ஓடும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது.

தொலைக்காட்சி வர்ணனையின் இலக்கணம் வேறு. வானொலியில் நீண்ட மௌனம் இருளாகும். தொலைக்காட்சியிலோ கண் காண்பதையே வாயும் சொல்வது மிகையாகும். அங்கே நிகழ்வின் காரணத்தை விளக்குவதே வர்ணனையாளரின் கடமை. 2017இல் தமிழுக்கெனத் தனி விளையாட்டு அலைவரிசை தொடங்கப்பட்டபின் இத்துறையில் வேலைவாய்ப்பும் விரிவடைந்துள்ளது.

இதற்கான பயிற்சியைத் தம் ஊரிலேயே தொடங்கலாம். பெரியகுளத்தில் நடைபெறும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியும், சிற்றூர்க் கபடிக் களங்களும் தேனி மாவட்ட மாணவர்க்குப் பயிற்சிக் கூடங்களே. விதிகளைக் கற்றல், வீரர்களின் பெயர்களைப் பிழையின்றி ஒலித்தல், தம் ஊர் அணி தோற்கும்போதும் நடுநிலை பிறழாமை ஆகிய மூன்றும் இன்றியமையாதவை. கண்களை மூடிக் கேட்ட நண்பர், ஆட்டத்தின் போக்கைப் பிழையின்றித் திருப்பிச் சொல்வாராயின், அவ்வர்ணனை வெற்றி பெற்றது எனலாம்.