ஊசித்துளையில் ஓர் உலகம்

மரநிழலில் நிற்கும்போது தரையில் சிதறிக் கிடக்கும் ஒளிப்பொட்டுகளைக் கூர்ந்து பார்த்ததுண்டா? இலைகளின் இடுக்குகள் பல வடிவின. ஆயினும் தரையில் விழும் பொட்டுகள் பெரும்பாலும் வட்டமானவை. அவை ஒவ்வொன்றும் கதிரவனின் உருவமே என்பதுதான் காரணம். 2019 டிசம்பர் 26 அன்று கோவை, கரூர், திண்டுக்கல் வட்டாரங்களில் கங்கண சூரிய கிரகணம் நிகழ்ந்தபோது, இப்பொட்டுகள் முதலில் பிறைகளாகவும் பின்னர் வளையங்களாகவும் மாறின.

ஒளி நேர்கோட்டில் செல்வது. ஆகவே சிறு துளையின் வழியே அது இருட்டிடத்தினுள் நுழையும்போது, மேலிருந்து வரும் கதிர் கீழேயும், கீழிருந்து வரும் கதிர் மேலேயும் விழ, வெளியுலகம் தலைகீழாய்த் தோன்றுகிறது. ஹம்பி விருபாட்சர் கோயிலின் இராஜகோபுரம் உட்சுவரில் தலைகீழ் நிழலாக விழுவதும் இவ்வாறே. இத்தாலியின் பொலோஞா நகரிலுள்ள புனித பெத்ரோனியு பசிலிக்காவில், 27 மீட்டர் உயரத்தில் உள்ள சிறு துளை வழியே தளத்தில் விழும் கதிரவனின் உருவத்தை அளக்க, காசினி என்னும் வானியலறிஞர் 1655-இல் நீண்ட கோடொன்றை அமைத்தார். பூமிக்கும் கதிரவனுக்கும் இடையிலுள்ள தொலைவு மாறும் விதம் குறித்துக் கெப்ளர் கூறியதற்கு அங்கே சான்று கிடைத்தது. ஆலயமே ஒரு காமிராவாகிவிட்டது!

கைத்தொலைபேசியில் ஒரே நாளில் நூறு படம் எடுக்கும் இக்காலப் பிள்ளைகள், ஒரு படம் எவ்வாறு உண்டாகிறது என்பதை அறியாமலே வளர்ந்துவிடக்கூடும். இக்குறையைப் போக்க ஒரு பழைய தகர டப்பா போதும்.

செய்யும் முறை

சுமார் 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள, நன்றாக மூடக்கூடிய டப்பாவின் உட்புறம் முழுவதும் பளபளப்பில்லாத கறுப்பு வண்ணம் பூச வேண்டும். பக்கச் சுவரில் சிறு திறப்பு வெட்டி, அதன்மேல் மெல்லிய அலுமினியத் தகட்டை ஒட்ட வேண்டும். தகட்டின் நடுவே மெல்லிய ஊசி நுனியால் ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் துளையிட்டு, பிசிறை உப்புத்தாளால் தேய்த்து நீக்குக. கறுப்பு நாடாத் துண்டே மூடி. அதை எடுத்தால் காமிரா திறக்கும், ஒட்டினால் மூடும்.

இருட்டறையில், சிவப்பு விளக்கொளியில், கறுப்பு வெள்ளைப் படத்திற்குரிய ஒளிப்படத் தாளைத் துளைக்கு எதிர்ப்புறம் வைத்து மூடுங்கள். இத்தாள் இன்று எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை. தேடித்தான் வாங்க வேண்டும். டப்பாவை அசையாத இடத்தில் வைத்து, நல்ல வெயிலில் சுமார் ஒரு நிமிடம் திறந்து வையுங்கள். பின்னர் மீண்டும் இருட்டறையில் தாளை டெவலப்பர், தண்ணீர், ஹைப்போ ஆகியவற்றில் முறையே நனைத்துக் கழுவ வேண்டும். கறுப்பு வெள்ளையாகவும், வெள்ளை கறுப்பாகவும் மாறிய நெகடிவ் கிடைக்கும். கைத்தொலைபேசியிலேயே அதை நேர்ப்படமாக மாற்றிக்கொள்ளலாம்.

இரசாயனங்களைப் பெரியவர்களே கையாள வேண்டும். அதற்குப் பயன்பட்ட பாத்திரம் மீண்டும் சமையலறைக்குத் திரும்பலாகாது. துளையின் வழியே கதிரவனைக் கண்ணால் பார்ப்பதும் பேராபத்து.

தவறும் ஓர் ஆசானே

முதல் படம் சரியாக வராவிடில் மனந்தளர வேண்டாம். தாள் முழுவதும் கறுத்திருந்தால் டப்பாவில் ஒளி கசிகிறது, அல்லது நேரம் மிகுந்துவிட்டது. வெளிறியிருந்தால் நேரம் போதவில்லை. உருவம் மங்கியிருந்தால் டப்பா அசைந்திருக்கும், அல்லது துளை பெரிதாயிருக்கும். அவ்வாறாயின் துளையைச் சிறிதாக்கிக்கொண்டே போகலாமா எனில், அதுவும் ஆகாது. மிகச் சிறிய துளையில் ஒளியலைகள் விளிம்பில் வளைந்து பரவுவதால் படம் மீண்டும் மங்கும். எதற்கும் ஓர் அளவுண்டு. ஒவ்வொரு முறையும் நேரத்தையோ துளையையோ ஏதேனும் ஒன்றை மட்டும் மாற்றி, அதை ஓர் ஏட்டில் குறித்து வைத்தால், பிள்ளைகள் தாங்களே விடையைக் கண்டுபிடிப்பார்கள்.

டப்பாவை மாதக்கணக்கில் வெளியே கட்டிவைத்து, கதிரவன் செல்லும் பாதையைப் பதிவு செய்வோரும் உண்டு. இதற்கு டெவலப்பரே வேண்டாம். இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழக வானாய்வகத்தில் 2012-இல் ஒரு மாணவி பொருத்திய பானக் குவளை மறக்கப்பட்டு, 2020-இல்தான் கழற்றப்பட்டது. எட்டாண்டுக் கதிரவன் பாதைகள் ஆயிரக்கணக்கான வளைகோடுகளாய் அதனுள் பதிந்திருந்தன.

2001 முதல் ஏப்ரல் மாதக் கடைசி ஞாயிறன்று உலகெங்கும் ஊசித்துளைப் படநாள் கொண்டாடப்படுகிறது. அந்நாளில் உங்கள் தெருவையே ஒரு படம் எடுத்துப் பாருங்கள். விரைந்து சென்றவர் எவரும் அதில் இருக்கமாட்டார். வீடும் மரமும் இருக்கும். திண்ணையில் அசையாது அமர்ந்திருந்த பாட்டியும் இருப்பார். பொறுத்திருந்தவரை மட்டுமே இந்தக் காமிரா நினைவில் கொள்கிறது.