யூரியாத் தீயில் பிறக்கும் அலுமினா

மோட்டார் சைக்கிளின் ஸ்பார்க் பிளக்கை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதில் வெள்ளையாகத் தெரியும் பகுதியைப் பீங்கான் என்றே பலரும் சொல்வார்கள். உண்மையில் அது பெரும்பாலும் அலுமினா, அதாவது அலுமினிய ஆக்சைடு. இது உருக 2,000 டிகிரி செல்சியசுக்கும் மேல் வெப்பம் வேண்டும். ஆகவே இதை இரும்பைப்போல் உருக்கி வார்ப்பதில்லை. பொடியை அச்சில் அழுத்தி, உருகுநிலைக்குக் கீழேயே சுட்டுத் துகள்களை ஒட்டவைக்கிறார்கள். பொடி பருமனாக இருந்தால் இடையிடையே துளைகள் தங்கிவிடும். பொருள் எளிதில் உடையும்.

நன்றாக அரைத்துவிட்டால் போயிற்று என்று நினைக்கிறீர்களா? அரைக்கும் உருண்டைகள் தேய்ந்து அவற்றின் தூளும் பொடியில் சேரும். இரண்டு ஆக்சைடுகளைக் கலக்க வேண்டுமென்றால் தொல்லை இன்னும் அதிகம். அரிசி மாவையும் கேழ்வரகு மாவையும் எவ்வளவு நேரம் கலந்தாலும், உருப்பெருக்கியில் பார்த்தால் அது தனி, இது தனிதான். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள அலுமினாத் துகளில்கூடப் பத்தாயிரம் கோடி அணுக்களுக்கு மேல் இருக்கின்றன! நீரில் கரைந்த உப்புகளோ அயனி அயனியாகக் கலந்துவிடுகின்றன.

முதலில் கரை, பிறகு திடப்பொருளாக்கு: ரசாயன முறைகளின் அடிப்படை இதுவே. கரைசலில் அம்மோனியாவை ஊற்றி வீழ்படிவாக்குவது ஒரு வழி. ஆனால் எல்லா உலோகங்களும் ஒரே கட்டத்தில் வீழ்படிவதில்லை. ஒன்று முந்திக்கொண்டால், கலந்தவை மறுபடி பிரிந்துவிடும்.

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் கிங்ஸ்லி, பாட்டீல் இருவரும் 1988-இல் வெளியிட்ட வழி வேறு. அலுமினியம் நைட்ரேட்டையும் யூரியாவையும் (ஆம், வயலுக்குப் போடும் அதே யூரியாதான்) சிறிது நீரில் கரைத்து, 500 டிகிரி உலையில் வைத்தார்கள். நீர் கொதித்து வற்றியது, கலவை நுரைத்துப் பொங்கியது, திடீரென்று தீப்பற்றியது. தீயின் வெப்பநிலை சுமார் 1,600 டிகிரி! ஐந்து நிமிடத்திற்குள் பாத்திரம் நிறைய வெள்ளை நுரையாக அலுமினா.

உலையில் இருந்தது 500 டிகிரிதானே, மீதி எங்கிருந்து வந்தது? யூரியா எரிபொருள், அது எரியத் தேவையான ஆக்சிஜனை நைட்ரேட் தருகிறது. கலவை தன் சூட்டிலேயே வெந்துவிடுகிறது. சமன்பாட்டை நீங்களே எழுதிப் பாருங்கள். 2 மூலக்கூறு நைட்ரேட்டுக்கு 5 யூரியா. ஒரு பங்கு அலுமினாவோடு 5 பங்கு கார்பன் டை ஆக்சைடு, 10 நீராவி, 8 நைட்ரஜன், ஆக 23 பங்கு வாயு வெளியேறுகிறது. இந்த வாயுப் பெருக்குதான் திடப்பொருளை நுரையாகக் கிழித்தெறிகிறது. வெப்பத்தையும் வாரிக்கொண்டு போகிறது. துகள்கள் ஒட்டிப் பருக்க நேரமே இல்லை.

எழுதிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நைட்ரேட்டும் எரிபொருளும் சேர்ந்த கலவை வெடிக்கவும் கூடும். விகிதம் பிசகினால் நச்சு வாயுவும் வரும்.

அதே கரைசலில் துளி குரோமியம் நைட்ரேட்டையும் கரைத்துவிட்டால், கிடைக்கும் பொடி இளஞ்சிவப்பாக இருக்கும். மாணிக்கக் கல்லும் இதே சரக்குதான்: அணு அணுவாகக் குரோமியம் கலந்த அலுமினா.