உங்களுக்குத் தெரியுமா? கோடு பெரிதாகும், எழுத்து ஆகாது!

ஆவணங்களை அச்சுக்கோக்க உதவும் லாடெக்கில் வரைபடம் போடப் பயன்படும் டிக்ஸ் தொகுப்பை உருவாக்கியவர் ஜெர்மனியின் கணினி அறிவியல் பேராசிரியர் டில் டான்டாவ். அதில் ஒரு வளைகோட்டை இரு மடங்காக்கச் சொன்னால் கோடுதான் பெரிதாகும். அருகிலுள்ள பெயர்க்குறிப்பு, நாமாக மாற்றச் சொல்லாதவரை, அதே அளவில் நிற்கும். பாடத்தை அச்சுக்கோக்கும், லாடெக்கின் அடிப்படையான டெக் நிரலே குறிப்பையும் கோப்பதால், பத்தியிலும் படத்திலும் ஒரே எழுத்துரு. வேறு மென்பொருளில் வரைந்து ஒட்டிய படத்தை இழுத்துச் சுருக்கினால் எழுத்தும் கூடவே நசுங்கிவிடும். அப்போது மாணவர் கண்ணை இடுக்கிப் படிக்க நேரும்.

குறிப்பு நிற்கும் இடத்துக்கும் கணக்கு உண்டு. நேர்கோட்டின் தொடக்கம் 0, முடிவு 1; 0.5 என்றால் நட்டநடுவில். ‘ஸ்லோப்டு’ என்று சேர்த்தால் கோட்டின் சாய்வுக்கேற்ப எழுத்தும் சாயும்.

வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களே, ஒருமுறை முயன்று பாருங்கள். தொகுப்பு முற்றிலும் இலவசம்.