நன்றியறிந்த உள்ளம்

நன்றியறிதலைப் பற்றிப் பிரசங்கங்கள் பல கேட்டிருக்கிறோம். அக்குணம் உள்ளத்தில் வேரூன்றும் வகையை ஆராய்வதோ அரிது. நலம் மிகப் பெற்றவன் நன்றியும் மிக உடையவனாவான் என்றே பொதுவாக எண்ணுகிறோம். லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் 17-ஆம் அதிகாரம் இவ்வெண்ணத்தை மறுக்கின்றது. குஷ்டரோகிகள் பதின்மரும் ஒரே சுகத்தைப் பெற்றனர். திரும்பி வந்தவன் ஒருவனே, அவனும் சமாரியன். வராத ஒன்பதின்மரிடமிருந்து அச்சுகம் மீண்டும் பறிக்கப்பட்டதாக அங்குச் சொல்லப்படவில்லை என்பதும் கருதத்தக்கது. பெற்றதோடு நில்லாமல் கொடுத்தவரிடம் திரும்பிச் செல்வதே நன்றி.

இவ்வாறு திரும்புவது பழக்கத்தால் வருவது. ஜெர்மனி தேசத்து மார்ட்டின் ரின்கார்ட் என்பவரின் சரித்திரம் இதற்குத் தக்க சான்றாகும். 1586-இல் சாக்சனி நாட்டு ஐலன்பர்க் நகரிற் பிறந்த இவர், 1617 முதல் அந்நகரிலேயே போதகராக ஊழியஞ்செய்தார். மறு ஆண்டிலே முப்பதாண்டுப் போர் மூண்டது. மதில் சூழ்ந்த அந்நகரில் அடைக்கலம் புகுந்தோர் நெருங்கி வாழ, 1637-இல் கொள்ளைநோய் பரவிற்று. உடன் ஊழியர் இல்லாதுபோகவே, ரின்கார்ட் தனியொருவராய் 4,000-க்கு மேற்பட்டோரை அடக்கஞ்செய்தார். சில நாட்களில் நாற்பது, ஐம்பது பேர். அவ்வாண்டில் இறந்தோருள் அவருடைய மனைவியும் ஒருவர்.

தேவனுக்கு நன்றி செலுத்த யாவரையும் அழைக்கும் அவருடைய ஞானப்பாட்டு இன்று பல தேசத்துச் சபைகளில் வழங்குகிறது. 1648-இல் சமாதானம் பிறந்த மகிழ்ச்சியில் எழுந்த பாட்டு அது என்பாருளர். அப்பாட்டு அதற்குப் பல்லாண்டு முன்னரே, வீட்டில் உணவுவேளைக்குரிய ஜெபமாக இயற்றப்பட்டது என்பதே ஆராய்ந்தோர் துணிபு. நமக்கோ இச்செய்தி அக்கதையினும் இனிதாகத் தோன்றுகிறது. நாள்தோறும் அப்பத்தின்முன் சொல்லிப் பழகிய நன்றியே பிணங்களின் நடுவிலும் அவரைத் தாங்கியிருக்கவேண்டும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை அவசியம். துயருற்றோரிடம் சென்று, ஸ்தோத்திரஞ் சொல்லுங்கள் என்று புத்திகூறுவது நம்மிற் சிலர்க்கு வழக்கமாயிருக்கிறது. இது பக்தியின் பெயராற் செய்யுங் கொடுமையே. கொள்ளைநோய்க்காக ரின்கார்ட் நன்றி செலுத்தினார் என்று நாம் எங்கும் கேட்டதில்லை. 22-ஆம் சங்கீதமும் கைவிடப்பட்டவனுடைய கூக்குரலோடு தொடங்கியே துதியிற் சென்று சேர்கிறது. அழுகிறவனோடு முதலில் அழுவோமாக. அவனுடைய துதி அதற்குரிய காலத்தில் அவன் வாயினின்றே வரட்டும்.

நாம் பழகவேண்டியவை மிகச் சிறியன. நம் விடுதியில் உணவுக்கு முன் சொல்லப்படும் ஜெபம், சோறு ஆறிவிடுமே என்னும் அச்சத்தால் வரவரக் குறுகி வருகிறது. குறுகினும் குற்றமில்லை, அவ்வேளையில் அச்சோற்றைச் சமைத்தவரின் முகமேனும் நம் நினைவில் வருதல் வேண்டும். நிலத்தை அடகுவைத்துக் கல்லூரிச் சம்பளம் கட்டிய தகப்பனார் நம்மிற் பலர்க்கு உண்டு. அவருக்கு அடுத்த செய்தி அனுப்புகையில், பணம் வேண்டுமென்னும் வரிக்கு முன்னே வேறொரு வரி எழுத இடமிருக்கிறது.